ஏரிக்கரைப் பாதைக்கு ஒரு சக்கரம்

ஊசிக்காரம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் வீடுகளின் வாண்டுகள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வந்து டவுனில் உள்ள பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. சைக்கிள் மணி கேட்டதும் சின்னஞ்சிறுசுகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பெரியவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டபடி நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போடுவார்கள். அவள் குத்தினால் குத்தின மாதிரியே இருக்காது என்று நல்ல பேர். "முடிஞ்சுதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்பவர்களிடம், "நான் பெட்டியையே மூடியாச்சு, நீங்க இன்னும் கண்ணை மூடிக்கிட்டு இருக்கீங்க" என்பாள்.

அந்தப் பக்கம் போக இரண்டு வழி. ஒன்று மலையைச் சுற்றிக்கொண்டு போகும் பஸ் ரோடு. அதில் போய் வந்தால் பாதி நாள் போய்விடும். எடுத்த ரத்தம் அவ்வளவு நேரம் காத்திருக்காது. இன்னொன்று ஏரிக்கரைப் பாதை. குடிதண்ணீர் ஏரி என்பதால் இன்ஜின் வைத்த வண்டி எதையும் அங்கே விடமாட்டார்கள். இரண்டு முனையிலும் சிமென்ட் தூண் நட்டு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அவளுக்குச் சைக்கிள். ஒல்லியான டயர் போட்ட பழைய சைக்கிள். பின்னால் ஐஸ் பெட்டி. அந்தத் தார்ப் பாதையில் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடும்.

பிறகு பெரிய குழாய் பதிக்கிறோம் என்று பாதையைத் தோண்டினார்கள். குழாய் உள்ளே போனது, மேலே சரளைக் கல்லைக் கொட்டி மூடினார்கள். தார் போடுவோம் என்று சொன்னவர்கள் சொன்னதோடு சரி, அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. ஊசிக்காரம்மாவுக்கு முதல் நாளே பல் எல்லாம் கிடுகிடுவென்று ஆடியது. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வீட்டுக்கு வந்த பிறகும் மரத்துப் போயிருந்தன. பழகிவிடும் என்று நினைத்தாள். அவளுக்குப் பழகியிருக்கும். பெட்டியில் இருந்த ரத்தத்துக்குப் பழகவில்லை.

பாதை முடியும் இடத்தில் ஒரு தச்சர் வீடு. மனிதருக்கு நாற்பதுகூட ஆகவில்லை, சிறுநீரகம் சரியில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் கூடிவிட்டால் இதயமே நின்றுபோகலாம் என்று டாக்டர் சொல்லி, வாராவாரம் பார்க்கச் சொல்லியிருந்தார். பாதையில் சரளை கொட்டிய கொஞ்ச நாளில் அவருடைய ரிப்போர்ட்டில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறியிருந்தது. தச்சரின் மனைவி கையில் கிடைத்த பால் வண்டியில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை, நேற்று எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருந்தார்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தின் மேற்பார்வையாளர் ஊசிக்காரம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். "சிவப்பணு உடைஞ்சிருக்கும்மா. வழியில ரொம்பக் குலுங்கினா உடையும். அதுக்குள்ள இருக்கிற பொட்டாசியமும் சேர்ந்து கொட்டிடும். மெஷின் அதையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்லும். நாங்களும் அன்னைக்கு நிறத்தைச் சரியாப் பாக்காம விட்டுட்டோம். எங்க மேலயும் தப்பு இருக்கு." கொஞ்சம் தயங்கி, "அந்தப் பக்கம் போறதையே நிறுத்திடலாம்னு இருக்கேன். வேணும்னா அவங்களே இங்க வரட்டும்" என்றார்.

"தச்சர் நாலடி நடந்தா மூச்சு வாங்குது சார். அவர் எங்க மலையைச் சுத்திக்கிட்டு வர்றது? இந்த மாசக் கடைசி வரைக்கும் விடுங்க. நான் ஏதாவது வழி பண்றேன்."

அவர் சரி என்றார். என்ன வழி என்று அவளுக்கே தெரியாது.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று தோன்றியது. டயர் தடியாக இருந்தால் காற்று நிறைய நிற்கும், குலுக்கலைத் தானே வாங்கிக்கொள்ளும். மெத்தை மாதிரி. இதைச் செய்து கொடுக்க வெளியே எங்கும் போக வேண்டிய அவசியமே இல்லை. அவள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்திலேயே சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரி வேறு யாருமில்லை, அவள் நாத்தனார்தான். கல்யாணம் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்று, வேலை கற்றுக்கொண்டு, சொந்தமாகக் கடை போட்டவள். சக்கரத்தில் கோட்டம் எடுப்பதில் கெட்டிக்காரி. சக்கரத்தோடு விட்டால் பரவாயில்லை. காய்கறிக்காரனின் தராசிலும், அண்ணன் தலை வாருவதிலும், அண்ணி வைக்கும் ரசத்திலும்கூட அவளுக்குக் கோட்டம் தென்படும்.

ஊசிக்காரம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனபோது கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நாத்தனார் யாருடைய செயினிலோ கையை விட்டுக்கொண்டு, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள்.

"தடி டயரா? இது ஆகாது அண்ணி. இவ்ளோ ஒல்லியா இருக்கு, இது மேல அவ்ளோ பெருசை ஏத்தி உக்கார வெச்சா தாங்குமா? ரெண்டு பக்கமும் பிதுங்கிக்கிட்டு நிக்கும்."

நின்றிருந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். ஊசிக்காரம்மாவுக்குக் காது மடல்வரை சூடேறியது. கொஞ்ச காலமாகவே உடம்பு போட்டிருக்கிறது என்று அவளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது. அதைக் கடைத்தெருவில் வைத்துப் போட்டு உடைத்துவிட்டாளே என்று நினைத்தாள். விருட்டென்று சைக்கிளைத் திருப்பினாள். அன்றிலிருந்து மாடிக்கும் கீழுக்கும் பேச்சு நின்றுபோனது.

அடுத்த தெருக் கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருப்பதிலேயே தடியான டயராகப் பார்த்து மாட்டிக் கொடுத்தார். காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் சரளை மேல் போகிறோமா, வைக்கோல் மேல் போகிறோமா என்றே தெரியவில்லை. அந்த வாரம் கொண்டுபோன ரத்தம் ஒன்றுகூடக் கெடவில்லை. மேற்பார்வையாளர் ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மேலே தெளிந்து நின்ற நீர் மஞ்சளாகவே இருப்பதைக் காட்டித் தலையாட்டினார். சிவப்பணு உடைந்திருந்தால் அது ரோஜா நிறத்துக்கு மாறிவிடும்.

ஆனால் சைக்கிள் மட்டும் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நேராகப் போகும்போது சாது. திருப்பத்தில் மேல்பாகம் ஒரு பக்கமும் டயர் ஒரு பக்கமுமாக நெளிந்தது. பாதையில் மதகுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு உண்டு. ஒரு நாள் காலை அந்த இடத்தில் முன் சக்கரம் வழுக்கியதா மடிந்ததா என்று புரிவதற்குள் அவள் தரையில் கிடந்தாள். முழங்கை தோல் உரிந்தது, மணிக்கட்டு வீங்கியது. எழுந்ததும் முதலில் பெட்டியைத் திறந்து பார்த்தாள். தச்சரின் குழாய் உடைந்திருந்தது.

அவள் திரும்பிப் போய் அவர் வீட்டு வாசலில் நின்றபோது தச்சர் அவள் கையைப் பார்த்தார். பிறகு தானே சட்டையை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்க ரத்தம் முதல்ல நிக்கட்டும், அப்புறம் என் ரத்தத்தை எடுங்க" என்றார். அவர் மனைவி வெந்நீரும் பஞ்சும் கொண்டு வந்தாள். அவள் முழங்கையைத் துடைத்துக் கட்டிக்கொண்டு, மறுபடி அவர் கையில் ஊசி ஏற்றினாள்.

மறுநாள் காற்றை முட்ட முட்ட அடித்துக்கொண்டு போனாள். நெளிவு குறைந்தது. பழைய குலுக்கல் திரும்பி வந்தது. ரோஜா நிறமும் திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது.

வீட்டில் அவள் கணவன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"விட்டுடேன். டவுனுக்குள்ள மட்டும் பாத்துக்க. உனக்கு வயசாகுதுன்னு நான் சொல்லல."

"சொல்லாம சொல்லிட்டீங்களே, போதாதா?"

"ஐயோ, நான் எதைச் சொன்னாலும் குத்தம். என் தங்கச்சிகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டியா?"

"அவ எனக்குச் சொல்ல வேண்டியதைக் கடையில நாலு பேருக்கு நடுவுல சொல்லியாச்சு. ஒல்லி சைக்கிள் மேல நான் உக்காந்தா பிதுங்குதாம்."

கணவன் கட்டுத் துணியைப் பாதியில் விட்டுவிட்டு அவளையே பார்த்தான். அவன் தங்கை பேசுகிற லட்சணம் அவனுக்குத் தெரியும். ஆனாலும் இது அவள் பேச்சாகத் தெரியவில்லை. விறுவிறுவென்று படியிறங்கிக் கீழே போனான். கொஞ்ச நேரத்தில் கையெல்லாம் கிரீசோடு நாத்தனார் மேலே வந்தாள், அண்ணன் பின்னாலேயே.

"அண்ணி, நான் ரிம்மைச் சொன்னேன்."

"எதை?"

"ரிம். டயர் உக்கார்ற இரும்பு வளையம். அது ஒல்லி. அது மேல தடி டயர் உக்காந்தா பிதுங்கும்னு சொன்னேன். உங்களை யாரு சொன்னது? நீங்க பாட்டுக்குத் திரும்பிப் போயிட்டீங்க. பக்கத்துத் தெருக்காரன்கிட்ட மாட்டிக்கிட்டு வந்தீங்க. எனக்குக் கோபம் வராதா?"

கணவன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து முதலில் நாத்தனாருக்கும், பிறகு ஊசிக்காரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வலிக்கிற கையைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"அதைக் கொஞ்சம் புரியற மாதிரி சொல்லித் தொலைச்சா என்ன?"

"கையில வேலை இருந்துச்சு அண்ணி."

கடையில் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு நாத்தனார் காட்டினாள். ரிம்மின் உள் அகலம் பதினேழு மில்லி. ஏறி உட்கார்ந்திருந்த டயர் நாற்பத்தேழு. அடியில் கழுத்து குறுகி, மேலே உருண்டு திரண்டு, குண்டு பல்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. நாத்தனார் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினாள். டயர் அப்படியே சாய்ந்து கொடுத்தது.

"கால் ரெண்டையும் ஒட்டி வெச்சு நிக்கறவனை லேசாத் தள்ளினா விழுவான் இல்ல? இதுவும் அப்படித்தான். காத்தை ஏத்தினா நிமிந்து நிக்கும், ஆனா கல்லு மாதிரி ஆயிடும். காத்தையும் குறைக்கணும், நெளியவும் கூடாதுன்னா ரிம் அகலமாகணும்."

நடு அச்சை அப்படியே வைத்துக்கொண்டு, ரிம்மையும் கம்பிகளையும் மாற்றிப் புதுச் சக்கரமாகவே கட்டிவிடலாம் என்றாள். ஊசிக்காரம்மா கடை முக்காலியில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் கம்பியை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். நாத்தனார் கோத்து முறுக்கி, சக்கரத்தைச் சுழல விட்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, ஒரு கம்பியைக் கால் சுற்று இறுக்குவாள், எதிர்க் கம்பியைக் கால் சுற்று தளர்த்துவாள். பேச்சு நின்றுபோன அந்த நாட்களில் தேங்கியிருந்த வீட்டுக் கதை முழுக்க அந்த நேரத்தில் பேசித் தீர்ந்தது.

ஆனால் கெட்டிக்காரிக்கும் கணக்கு தப்பும். குறுகலாக இருந்ததுதானே பிரச்சினை என்று, கடையில் இருந்ததிலேயே அகலமான ரிம்மை நாத்தனார் எடுத்திருந்தாள். உள் அகலம் முப்பது மில்லி. அதில் பழைய தடி டயரை ஏற்றினால் இன்னும் அகலமாக விரிந்து, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில் உரசியது. சரி என்று டயரை முப்பத்தெட்டுக்குக் குறைத்தாள். பிரேக் கட்டைகளை முடிந்தவரை தள்ளி வைத்தாள். பார்க்கக் கட்டுமஸ்தாகத்தான் இருந்தது. மணிக்கட்டு ஆறியதும் ஊசிக்காரம்மா எடுத்துக்கொண்டு போனாள். நெளிவு என்ற பேச்சே இல்லை. அப்பாடா என்றிருந்தது. மூன்றாம் நாள் ஒரு கூர்மையான கல் பக்கவாட்டில் இடித்தது. டயர் பக்கத்தில் வாய் பிளந்ததோடு ரிம்மின் விளிம்பும் நசுங்கியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து டவுனுக்கு வந்து சேர்ந்தாள். குழாய்கள் முழுசாக இருந்தன, ஆனால் நேரம் கடந்துவிட்டதால் அத்தனையும் வீண். மாசக் கடைசி கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

கடை வாசலில் அந்தச் சக்கரத்தைக் கையில் வாங்கிய நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. டயர் இரண்டு பக்கமும் இழுபட்டு, மேலே தட்டையாகிச் சதுரமாக நின்றிருந்தது. ரிம்மின் ஓரம் மறைப்பில்லாமல் டயரோடு ஒரே மட்டத்தில் இருந்தது. இடிக்கிற கல்லுக்கு முதலில் ரிம்தான் கிடைக்கும்.

"இந்தக் கோட்டம் என்னுது அண்ணி" என்றாள். அப்படி அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"விடு. நானும்தான் தடியா இருந்தாச் சரியாயிடும்னு நெனைச்சேன்."

"நாளைக்கு உங்ககூட நானும் வர்றேன். அந்தப் பாதையை நான் பாத்ததே இல்ல. தார் ரோட்டுல ஓட்டறவங்களுக்குக் கட்டின பழக்கத்துல கட்டிட்டேன்."

மறுநாள் கடையில் பூட்டைத் தொங்கவிட்டு இருவரும் கிளம்பினார்கள். இரவல் சைக்கிள்கள்தான். நாத்தனார் நூறு தடவை நின்றாள். சரளையைக் கையில் அள்ளிப் பார்த்தாள். பெரும்பாலும் கொட்டைப்பாக்கு அளவு, நடுநடுவே முட்டை அளவுக் கல், ஓரத்தில் பொடி மண். மதகு வளைவில் ஏறி இறங்கிப் பார்த்தாள். ஒரு தடவை வேண்டுமென்றே வேகமாக வந்து சரிந்து, காலை ஊன்றித் தப்பித்தாள். "இங்கதான் விழுந்தீங்களா? நான் இருந்தாலும் விழுந்திருப்பேன்" என்றாள். அதைக் கேட்க ஊசிக்காரம்மாவுக்கு என்னவோ மருந்து போட்ட மாதிரி இருந்தது. விழுந்ததிலிருந்து, தனக்குத்தான் தைரியம் போய்விட்டதோ என்ற பயம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

தச்சர் வீட்டிலும் போய் உட்கார்ந்தார்கள். நாத்தனார் பிரச்சினையைச் சொல்ல, தச்சர் ஆர்வமாக முன்னால் நகர்ந்தார். அவர் மரச் சட்டத்தில் கண்ணாடி பதிக்கிறவர். "சட்டம் குறுகலா இருந்தா கண்ணாடி ஆடும். அகலமா இருந்தா விளிம்பு வெளியே தெரிஞ்சு அடிபடும். நான் எப்பவும் கண்ணாடியோட கனத்தைப் பாத்துட்டுத்தான் அது உக்கார்ற காடியை வெட்டுவேன். நீங்க எதை முதல்ல முடிவு பண்ணுவீங்க, ரிம்மையா டயரையா?"

நாத்தனார் யோசித்தாள். "பாதையை" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து மூவரும் பேசினார்கள். இந்தக் கல்லுக்கு டயர் நாற்பது மில்லிக்குக் குறையக் கூடாது. ரிம் அகலமானால் டயரும் விரியும் என்பதால், நாற்பத்தைந்துக்கு மேல் போனால் முன் கவையில் உரசும். அப்படியானால் நாற்பத்திரண்டு. அதற்கு ரிம் அதில் பாதியும் இன்னும் கொஞ்சமும் இருந்தால் டயரின் பக்கம் நேராக இறங்கும். கழுத்தும் குறுகாது, தோளும் விரியாது. இருபத்து மூன்று கிடைத்தால் போதும் என்று நாத்தனார் முடிவு செய்தாள். அந்த அளவு ரிம் அவளிடம் இல்லை. அவளுக்கு ஆகாத அடுத்த தெருக் கடைக்காரரிடம்தான் இருந்தது. போய்க் கேட்டாள். அவர், "தடி டயரை மாட்டினப்ப நானும் ரிம்மைப் பாத்திருக்கணும்மா" என்று சொல்லிப் பரணில் ஏறித் தேடி எடுத்துக் கொடுத்தார்.

இந்தத் தடவை சக்கரம் கட்டி முடித்ததும் நாத்தனார் உட்கார்ந்துவிடவில்லை. பெட்டியில் தண்ணீர் நிரப்பிய குழாய்களை வைத்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குறைத்து, இருவரும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். ரொம்பக் குறைத்தால் பெரிய கல்லில் ரிம் தட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குக் கொஞ்சம் மேலே வைத்தார்கள். மதகு வளைவில் ஊசிக்காரம்மா முதலில் பிரேக்கைப் பிடித்தபடியே போனாள். இரண்டாவது தடவை பிடியைத் தளர்த்தினாள். டயர் அமுங்கிக் கொடுத்தது, ஆனால் சாயவில்லை. அவள் சாய்ந்த பக்கம் அவளோடு வந்தது. மூன்றாவது தடவை அவள் வளைவைக் கடந்ததே தெரியாமல் கடந்து, ஏரியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். பின்னால் நாத்தனார், "அண்ணி, நில்லுங்க, நானும் வர்றேன்" என்று கத்த வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் தச்சரின் ரத்தம் போய்ச் சேர்ந்தது. மேற்பார்வையாளர் குழாயை எடுத்து ஜன்னல் பக்கம் போனார். அவள் கதவருகே நின்றாள்.

"நல்ல மஞ்சள்" என்றார் அவர். "எல்லாமே."

"மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கு சார்."

"இருக்கட்டும்மா. அந்தப் பேச்சை விட்டுடுங்க."

அவள் அன்றே சைக்கிளை மறுபடியும் ஏரிப் பக்கம் விட்டாள். ரிப்போர்ட்டைப் போனில் சொல்லியிருக்கலாம். அவளுக்கு நேரில் சொல்ல வேண்டும் போல இருந்தது. தச்சரின் மனைவி வாசலிலேயே கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கணவனிடம் சொல்லாமல் அங்கேயே சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். பால் வண்டியில் ஓடிய நாளுக்குப் பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இப்போது தச்சர் காலையில் கொஞ்ச நேரம் பட்டறையில் உட்காருகிறார். மருந்து பிடித்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முழுசாகச் சரியாகாது, ஆனால் ஓட்டிவிடலாம் என்கிறார். ஏரிக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் யாருக்கும் பரிசோதனை நிற்கவில்லை. மேற்பார்வையாளர் கல் குவாரிப் பக்கம் இருக்கும் குடியிருப்புக்கும் போய் வர முடியுமா என்று ஊசிக்காரம்மாவிடம் கேட்டார். அங்கே கர்ப்பிணிகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஒரு பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரவேண்டியிருக்கிறது. அவள் போகிறேன் என்றாள்.

வீட்டில் சொன்னபோது அவள் கணவன் பெருமூச்சு விட்டான், தடுக்கவில்லை. "அங்க கல்லு இன்னும் பெருசா இருக்குமே" என்று மட்டும் சொன்னான்.

கீழே கடையில் நாத்தனார் அந்தச் செய்தியைக் கேட்டதும் கை துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"டயர் என்ன சைஸ்னு இப்பவே கேக்காதீங்க அண்ணி. ஞாயித்துக்கிழமை போய்ப் பாதையைப் பாத்துட்டு வரலாம்."

"ஞாயித்துக்கிழமை வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்பணும்."

"நீங்க தலை வாரி முடிக்கறதுக்குள்ள வெயில் ஏறிடும்" என்றாள் நாத்தனார்.

ஞாயிறு காலை ஊசிக்காரம்மா கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு, நாத்தனாருக்கு முன்னாலேயே வாசலில் சைக்கிளோடு நின்றிருந்தாள்.